பலகை வழவழன்னு வரணுமா? மெஷின் வேகத்தைக் கேளுங்க!

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "கதவு மூடவே மாட்டேங்குது!" காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மரம் உப்பிவிடுவதே காரணம்.

இந்த உப்பலைக் குறைக்க ஒரு வழி, மரத்தைச் சூட்டில் பதப்படுத்துவது. 1990-களில் ஃபின்லாந்தில் தொழிலாக வளர்ந்த 'தெர்மோவுட்' முறையில், நீராவி சூழ சுமார் 180 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரை மரத்தைச் சூடாக்குகிறார்கள். ஈரத்தை இழுக்கும் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. மரம் உள்வரை பழுப்பு நிறமாகிறது. இந்திய மரங்களை வைத்து இந்த ஆய்வு பெங்களூரு மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்திலும் நடந்திருக்கிறது.

ஆனால், பிரெட் ரஸ்க் ஆன கதைதான். உப்பாது, அதேசமயம் எளிதில் உதிரும். அதனால் இழைக்கும்போது கவனம் தேவை.

வேகக் கணக்கு

பிளேனர் மெஷினில் 2 பிளேடு, நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் 8,000 வெட்டு விழும். பலகையை நிமிடத்துக்கு 16 மீட்டர் வேகத்தில் தள்ளினால் வெட்டுக்கு வெட்டு இடைவெளி 2 மில்லிமீட்டர். அதையே 8 மீட்டராகக் குறைத்தால் 1 மில்லிமீட்டர். இடைவெளி பாதியானால், அலைபோன்ற பள்ளத்தின் ஆழம் கால்வாசியாகிவிடும்!

அதற்காக ஆமை வேகமும் கூடாது. பிளேடு வெட்டாமல் உரசும். மரம் கருகும், முனை மழுங்கும். இரண்டில் ஒரு பிளேடு மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் இன்னொன்று சும்மா சுற்றும். மெதுவாகத் தள்ளியும் முழுப் பயன் இருக்காது.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியவை

* ஒரே இழைப்பில் ஆழமாக எடுக்காமல், கடைசி இழைப்பு மெல்லியதாக இருக்கட்டும்.
* ரேகை ஓடும் திசையிலேயே தள்ளணும். எதிர்த்துப் போனால் சில்லு சில்லாகப் பெயரும்.
* கார்பைடு பிளேடு நல்லது. கூர் போயிருந்தால் தீட்டிய பிறகே வேலை.
* ஸ்க்ரூ போடும் முன் துளை போடணும். இல்லையென்றால் பிளக்கும்.
* பாரம் தாங்கும் இடத்துக்கு இந்த மரம் வேண்டாம்.

இன்னொரு முக்கிய விஷயம், தூள். இந்த மரத்தில் பறக்கும் தூள் ரொம்ப நைசு. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-லேயே அறிவித்துவிட்டது. கர்ச்சீப் கட்டினால் போதாது. பட்டறையில் தூள் உறிஞ்சும் மெஷினும், வேலை செய்பவர் முகத்தில் என்95 மாஸ்க்கும் வேண்டும்.

பலகையை வாங்கும்போது கையால் மட்டும் தடவிப் பார்க்காதீர்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வரி வரியாக நிழல் தெரிந்தால், அவசரமாக இழைத்த பலகை என்று அர்த்தம். பாலீஷ் போட்டால் அந்த வரி மறையாது. இன்னும் பளிச்சென்று தெரியும். சதுர அடிக் கூலியைக் குறைக்கப் பேரம் பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள். கூலி குறைந்தால், மெஷின் வேகம் கூடத்தான் செய்யும்.