பாட்டும் நம் கணக்குதான்

நாட்டுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம், ‘வயிற்றைக் கட்டுங்கள்’ என்ற உபதேசம் முதலில் வந்து சேருவது நம் லயங்களுக்குத்தான்.

1928-இல் ஆணுக்கு நாள் சம்பளம் 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுத்தார்கள். உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தது. 1930-இல் அதே சம்பளம் 40 காசு, 32 காசு ஆனது. ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்கார அரசியல் சொன்ன பதில் அவ்வளவுதான்.

எழுதப் படிக்கத் தெரியாத நம்மவர்கள் பால்மரக் காட்டில் பாடினார்கள். கங்காணியின் வசவு, ஊர் ஏக்கம், வெறும் பானை. கிராணி கணக்கில் ஏறாததெல்லாம் பாட்டில் ஏறியது.

ஆனால், பாட்டு மட்டும் சம்பளத்தைக் கூட்டிவிடாது. ரப்பர் விலை ஏறியும் கூலி அதற்கேற்ப ஏறாததால், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. முன்னே நின்ற ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர், பேனா பிடித்தவர். அவரை நாடு கடத்தினார்கள். முனகல் கோரிக்கையானால் எவ்வளவு பயம், பாருங்கள்!

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கத்து இளைஞர்களே! திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு ஒருநாள் ஓயட்டும். பழைய பாட்டுத் தெரிந்த பாட்டிமாரைப் பாடச் சொல்லி எழுதி வையுங்கள். அடுத்த நெருக்கடியில், ‘எல்லாரும் சேர்ந்து சுமப்போம்’னு சொல்லிக்கொண்டு வருவாங்க. ‘போன தடவை சுமந்தது யார்?’ என்று கேட்க நம் கையில் சாட்சி வேண்டாமா?