ஊர் திரும்பாதவர்கள்

வெளிநாட்டுப் பயணம் என்றாலே கடைசி இரண்டு நாளும் பெட்டி கட்டுவதிலும், வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்ற யோசனையிலும் போய்விடும். பழவேற்காட்டில் பல பயணங்கள் அப்படி முடியவில்லை.

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். வியாபாரத்துக்கு வந்து, ஊர் திரும்பாமலே இறந்தவர்களின் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கான நம் மக்கள் அடிமைகளாகப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் ஏற்றப்பட்டார்களே... அவர்கள்? பஞ்சத்தில் விலைபோனவர்கள். கம்பெனிக் கணக்கில் சரக்கு. பெரும்பாலானோர் திரும்பவே இல்லை.

வாங்கியவனுக்குச் செதுக்கிய கல், விற்கப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் அவர்களுக்கும் ஒரு நடுகல் வேண்டும். பெயர் தெரியாதே என்று தட்டிக்கழிக்க வேண்டாம், ஊர்ப் பெயர் தெரியுமே! என்ன சொல்றீங்க நண்பர்களே?