துடைப்பத்தை எடுக்கும் முன்…



திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்த கட்டுரை ஏடுகளின்மீது எங்கள் வீட்டுப் பூனை சிறுநீர் கழித்துவிட்டது. முதல் நாள் கால்மிதியில். மறுநாள் மடித்து வைத்த துணியில். மூன்றாம் நாள் ஏடுகளில். ஐந்து ஆண்டுகளாக மணல் பெட்டியைத் தவிர வேறிடம் அறியாத பூனை அது. நான் துடைப்பத்தை எடுத்தேன். அடித்தும் விட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

"பேசாம பாசார்ல கொண்டுபோய் விட்டுடும்மா. மீன் கடைப் பக்கம் பொழச்சிக்கும்," என்றார் என் மாமியார். நானும் மனத்தளவில் இணங்கிவிட்டேன். அன்றிரவு என் மகள்தான், "அம்மா, அவன் பெட்டியில ரொம்ப நேரம் உட்கார்ந்து கத்துறான். ஒண்ணுமே வரல," என்றாள்.

உடனே விலங்கு மருத்துவரிடம் ஓடினோம். சிறுநீரில் படிகங்கள் சேர்ந்து பாதையை அடைத்திருந்தன. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை மிகக் குறுகியது. முழுவதும் அடைபட்டால் ஓரிரு நாள்களில் உயிரே போய்விடும் என்றார் மருத்துவர். வலியால் துடித்த உயிரையா அடித்தோம் என்று நான் கூனிக் குறுகி நின்றேன்.

இரண்டு நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பிய பூனை, மீண்டும் கால்மிதியையே நாடியது. இம்முறை நான் துடைப்பத்தைத் தேடவில்லை, காரணத்தைத் தேடினேன். முந்திய மாதம்தான் இடவசதிக்காக மணல் பெட்டியைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகே நகர்த்தியிருந்தேன். அந்த இரைச்சலில் எந்தப் பூனை நிம்மதியாக அமரும்? போதாததற்கு, வாசனை கலந்த மணலையும் வாங்கிக் கொட்டியிருந்தேன். நமக்கு நறுமணம், கூர்மையான மோப்பம் உள்ள அதற்கோ தொல்லை. மன உளைச்சலும் பூனையின் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பெட்டியை அமைதியான மூலைக்கு, உணவுத் தட்டுக்கு எட்ட மாற்றினேன். வாசனையற்ற மணலிட்டு நாள்தோறும் அள்ளித் தூய்மை செய்தேன். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டிகள், இரண்டு பூனைகளுக்கு மூன்று என்பதே மருத்துவர்கள் கூறும் கணக்கு. இன்னொரு பெட்டியும் வாங்கினேன். கறைபட்ட இடங்களை நொதி கலந்த துப்புரவு நீரால் கழுவினேன். அம்மோனியா கலந்தவை ஆகா. அவற்றின் வாடை சிறுநீரை நினைவூட்டி, பூனையை அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும். பத்து நாள்களில் தொல்லை நின்றது.

சுவருக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றபடி வாலை உயர்த்திப் பீய்ச்சும் பூனையின் கதை வேறு. அது எல்லையைக் குறிக்கும் பழக்கம். கருத்தடை செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகளிடம் அது குறைந்துவிடும்.

எப்படியிருப்பினும் அடி மட்டும் மருந்தாகாது. எதற்காக அடிபட்டோம் என்பது பூனைக்கு விளங்குவதில்லை. அடிப்பவரைக் கண்டு அஞ்சவே அது கற்கிறது. அச்சம் மிகுந்தால் சிக்கலும் மிகும்.

இதை எழுதும்போது ஒரு முதலாம் ஆண்டு மாணவன் நினைவுக்கு வருகிறான். வகுப்பிலேயே கால்சட்டையை நனைத்துவிடுவான். நான் பலமுறை கடிந்துகொண்டேன். கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததும், பெரிய மாணவர்கள் கதவைத் தள்ளிச் சிரித்ததும் பின்னரே தெரிந்தன. அவனுக்கு வாய் இருந்தும் சொல்லவில்லை. பூனைக்கோ சொல்ல வாயில்லை.

பெற்றோர்களே, பூனையைப் பெட்டியில் அடைத்துப் பாசாரில் விடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொல்லை தரும் உயிரைத் தூக்கி எறியலாம் என்பதே அவர்கள் கற்கும் பாடம். அந்தப் பாடத்தைப் பள்ளியில் எங்களால் அழிக்க இயலாது. காரணத்தைத் தேடும் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்குவோம்.

ஏடுகள் என்னவாயின என்கிறீர்களா? மாணவர்களிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் புதிய ஏடுகள் வாங்கிக் கொடுத்தேன். "டீச்சர், பூனைக்கு இப்போ நல்லாயிடுச்சா?" என்பதே அவர்களின் முதல் கேள்வி.