கடை அவனுது, சரக்கு நம்முது... காசு?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். வருடக் கணக்கு முடிப்பு, ஆடிட், நடுவில் பையனின் பரீட்சை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையச் சந்தைகளில் பொருள் விற்கிறவர்கள், வாங்குகிறவரிடம் கிரிப்டோவாகப் பணம் வாங்கக் கூடாது என்று அந்தச் சந்தைகள் தடை போட்டிருக்கின்றன. அது சரியா, தவறா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை சரிதான். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி கல்லாப்பெட்டி.

இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அகமதாபாத் மணிநகர் பக்கம் வந்து பாருங்கள். மில் காலத்தில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள், என்னைப் போல மாற்றலில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்று ஒரு குட்டித் தமிழ்நாடே இருக்கிறது. வீட்டில் இருந்தபடி தஞ்சாவூர் ஓவியம், கொலு பொம்மை, குரோஷா என்று செய்து வெளிநாட்டுக்கு விற்கும் பெண்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். அதில் ஒருவர் கும்பகோணத்துக்காரர். அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் படம் வாங்க வந்து, "யுஎஸ்டிடி-யில் அனுப்புகிறேன், தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், உங்களுக்கும் கமிஷன் மிச்சம்" என்றிருக்கிறார். இவர் தளத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தால், கணக்கையே முடக்குவோம் என்று போட்டிருக்கிறது. கோபம் வந்துவிட்டது. "அண்ணா, படம் நான் போட்டது, விலை நான் வெச்சது. எதுல காசு வாங்கணும்னு சொல்ல இவன் யாரு?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறது.

ஈபே, எட்ஸி மாதிரி பெரிய சந்தைகளில் இன்றைக்கு விற்பனைப் பணம் சந்தையின் வழியாகத்தான் வர வேண்டும். பிட்காயின் என்று இல்லை, "வேறு வழியில் பணம் கட்ட என்னைத் தொடர்பு கொள்ளவும்" என்று விளம்பரத்தில் எழுதினாலே ஈபேயில் விதிமீறல். ஏன் இவ்வளவு கெடுபிடி? பி.காம். படித்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: எல்.ஆர்.

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி அகமதாபாத்துக்கு லாரியில் சரக்கு ஏற்றுவார். லாரி ரசீதை வாங்குபவருக்கு நேரே அனுப்ப மாட்டார். வங்கி மூலம் பில் கலெக்‌ஷனுக்கு அனுப்புவார். இங்கே எங்கள் கிளையில் பணம் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும், ரசீது இருந்தால்தான் சரக்கு இறங்கும். முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மூன்றாம் ஆள். அவ்வளவுதான் சூட்சுமம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த பில்களைப் பதிவு செய்வதே பாதி நாள் வேலை.

இணையச் சந்தை செய்வதும் அதையேதான். ஈபே 2004-இல் நம்ம ஊர் பாஸீ டாட் காமை வாங்கி இங்கே கடை போட்டபோது பைசாபே என்று ஒன்று இருந்தது, பலருக்கு ஞாபகம் இருக்கும். வாங்குபவர் கட்டிய பணத்தைத் தளம் பிடித்து வைத்துக்கொண்டு, சரக்கு போனதைப் பார்த்து விற்றவருக்குக் கொடுக்கும். பொருள் வரவில்லை, உடைந்து வந்தது என்றால் பணம் திரும்பும். அந்த வாக்குறுதியை நம்பித்தான் நியூஜெர்ஸியில் இருக்கும் மாமி, மணிநகரில் இருக்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம் படம் வாங்குகிறார். பணம் தன் கையைத் தாண்டிப் போனால் அந்த வாக்குறுதியைத் தளத்தால் காப்பாற்ற முடியாது. கிரிப்டோவோ, அனுப்பினால் போனதுதான். தப்பான முகவரிக்கு அனுப்பினாலும் சரி, ஏமாந்து அனுப்பினாலும் சரி, திரும்பக் கூப்பிட ஆள் கிடையாது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஈபேயிலேயே தலைகீழ் உதாரணம் நடந்தது. பிட்காயினையே ஒரு சரக்காக அங்கே விற்றார்கள். வாங்கியவர் பேபாலில் பணம் கட்டி, நாணயம் கைக்கு வந்ததும், "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று புகார் கொடுத்து பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார். விற்றவருக்குப் பட்டை நாமம். ஒரு பக்கம் திரும்பி வரக்கூடிய பணம், மறுபக்கம் திரும்பவே வராத பணம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எத்தனுக்குத்தான் லாபம். 2014 பிப்ரவரியில் ஈபே தன் பிரிட்டன் தளத்தில் மெய்நிகர் நாணயங்களைத் தனிப் பிரிவாக்கி, வெறும் வரி விளம்பரமாக மட்டும் போடலாம், பணப் பரிமாற்றம் எங்கள் வழியாக நடக்காது என்று ஒதுங்கிக்கொண்டது இந்தப் பின்னணியில்தான்.

இதுவரை தளத்தின் பக்கம் பேசியாயிற்று. இனி அந்த மீதிப் பாதி.

ஈபே 2002-இல் பேபாலை 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2006-இல் கூகுள் செக்கவுட் வந்ததும், அதைத் தடை செய்யப்பட்ட கட்டண முறைகளின் பட்டியலில் சேர்த்தது. கூகுள் என்ன, முகவரி இல்லாத கம்பெனியா? கேட்டால் பாதுகாப்பு, புதிய முறை, அனுபவம் போதாது என்றார்கள். 2008-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு படி மேலே போய், நேரில் வந்து பொருளை எடுத்துக்கொண்டு பணம் தருவதைத் தவிர எல்லாம் பேபால் வழியாகத்தான் என்று அறிவித்தார்கள். அந்த நாட்டுப் போட்டி ஆணையம் இதை ஏற்க முடியாது என்று முட்டுக்கட்டை போட்ட பிறகு பின்வாங்கினார்கள். 2015-இல் ஈபேயும் பேபாலும் பிரிந்தன. அதன் பிறகு ஈபே பணம் வாங்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. எட்ஸியும் 2017-இல், தன் கட்டண வசதி இருக்கும் நாடுகளில் எல்லா விற்பனையாளரும் அதில்தான் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதுவரை "இதர" என்ற பெட்டியில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொண்டிருந்தார்கள், பிட்காயின் உட்பட.

ஆக, பாதுகாப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்தும் பழக்கம் கிரிப்டோ வருவதற்கு முன்பே இருந்தது. விற்பனைக் கமிஷன் ஒன்று, பணம் கையாள ஒன்று, டாலரை ரூபாயாக மாற்றும்போது ஒன்று என்று வழியெல்லாம் கிள்ளுகிறார்கள். கிரிப்டோ ஆசை பிறப்பதே அந்தக் கிள்ளலில்தான். நாணயத்தின் தத்துவத்தைப் படித்து மயங்கி யாரும் வருவதில்லை. (எங்கள் வங்கிகள் இதில் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து சின்னத் தொகை வந்தால் நாங்கள் எடுக்கும் கட்டணத்தைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருக்கும் :-) )

சரி, தடையே இல்லாத சந்தை ஒன்று இருந்திருந்தால்? இருந்ததே. ஓப்பன்பஜார் என்று 2016-இல் வந்தது. தளத்துக்கு முதலாளி இல்லை, கமிஷன் இல்லை, முழுக்க கிரிப்டோதான். தகராறு வந்தால் தீர்க்க ஒரு நடுவரையும் வைத்துக்கொள்ளலாம், பணத்தை விடுவிக்க மூன்று சாவியில் இரண்டு வேண்டும். நம்ம பில் கலெக்‌ஷன்தான், வங்கிக்குப் பதில் கணக்குச் சூத்திரம். அழகான யோசனை. ஆனால் போதிய கூட்டம் சேரவில்லை, 2021 ஜனவரியில் மூடிவிட்டார்கள். கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் கடையும் பிட்காயின் வாங்கிப் பார்த்து 2017 டிசம்பரில் நிறுத்தியது. ஒரு பரிவர்த்தனைக் கட்டணம் 20 டாலரைத் தொட்டுவிட்டது என்றார்கள். 20 டாலருக்கு விளையாட்டு வாங்க 20 டாலர் கூலி!

"அது பிட்காயின் அண்ணா, இது யுஎஸ்டிடி, டாலர் கணக்காவே நிக்கும், ஏறாது இறங்காது" என்றார் நம்ம கும்பகோணத்துக்காரர். உண்மை. விலை ஆடுவது என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆனால் அவர் இருப்பது இந்தியாவில். இங்கே சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான்.

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் யாரும் கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். அத்தனை கடுமையான நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு வங்கிகளுக்கு என்ன சேதம் நேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி காட்டவில்லை என்பதுதான் சாரம். ஆகவே வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் 2022 பட்ஜெட்டில் வரியைப் போட்டு இறுக்கிவிட்டார்கள்.

அதைக் கணக்காகவே பார்ப்போம். 24,000 ரூபாய் படத்துக்கு பிட்காயின் வாங்குகிறீர்கள். அந்த 24,000 வியாபார வருமானம். பிறகு 20,000-க்கு விற்க நேர்ந்தால், போன 4,000-ஐ எந்த வருமானத்திலும் கழித்துக்கொள்ள முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. 30,000-க்கு விற்றால் 6,000 லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 1,872 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. யுஎஸ்டிடி-யில் விலை ஆடாது என்றாலும் பிடித்தமும் கணக்குக் காட்டுவதும் உண்டு. தளத்தின் கமிஷனை மிச்சம் பிடித்து ஆடிட்டருக்குக் கொடுத்த கதை.

இன்னொன்று ஏற்றுமதிக் கணக்கு. தபாலில் போகும் ஒரு படமும் ஏற்றுமதிதான். அதற்கான பணம் குறித்த காலத்துக்குள், முறையான வங்கி வழியாக, அன்னியச் செலாவணியாக வந்து சேர வேண்டும் என்பது ஃபெமா விதி. உங்கள் கைப்பேசியில் யுஎஸ்டிடி வந்தது என்பதை எந்த வங்கி அதிகாரியும் ஏற்றுமதி வரவாக எழுத முடியாது. என்னாலும் முடியாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. யுஎஸ்டிடி-யை ரூபாயாக்க நிறைய பேர் போவது பி2பி வழி. நீங்கள் நாணயத்தை விற்கிறேன் என்கிறீர்கள், யாரோ ஒருவர் உங்கள் வங்கிக் கணக்கில் யுபிஐ-யில் பணம் போடுகிறார். அந்த யாரோ யார்? எங்கோ ஒரு ஓய்வூதியக்காரரை ஏமாற்றி எடுத்த பணம் அது என்றால், அவர் 1930-க்குப் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் போன தடம் பார்த்து வரிசையாகக் கணக்குகளை நிறுத்துவார்கள். உங்கள் கணக்கும் அதில் விழும். சில நேரம் அந்தத் தொகைக்கு மட்டும், சில நேரம் கணக்கு முழுவதும். ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கடன் தவணை எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். கிளையில் வந்து எங்களிடம் அழுதால் நாங்கள் செய்யக்கூடியது, எந்த மாநில சைபர் போலீஸ், என்ன புகார் எண் என்று எழுதிக் கொடுப்பதுதான். விடுவிக்க அங்கிருந்து கடிதமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். முன்பின் பார்த்திராத ஊரின் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு, நான் படம் விற்றவள், திருடி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? தளத்துக்கு வெளியே முடித்த வியாபாரத்துக்கு ஆர்டர் எண்கூட இருக்காது.

சந்தை வழியாக வந்த பணத்தில் யார் கட்டினார், எதற்குக் கட்டினார் என்ற சங்கிலி இருக்கிறது. கமிஷனில் ஒரு பகுதி அந்தச் சங்கிலிக்கான விலை. விலை அதிகம் என்று சண்டை போடலாம், போட வேண்டும். சங்கிலியே வேண்டாம் என்பது வேறு பேச்சு. இதைத்தான் அவரிடம் சொன்னேன். முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அந்த அமெரிக்க ஆசாமியிடம் தளத்திலேயே ஆர்டர் போடுங்கள் என்று எழுதிவிட்டார். அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

அப்படியானால் கிரிப்டோ என்றைக்குமே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2025 ஜூனில் ஷாப்பிஃபை, யுஎஸ்டிசி என்ற டாலர் நாணயத்தை வாங்கும் வசதியைக் கொண்டுவந்தது. வாங்குபவர் நாணயத்தில் கட்டினாலும் கடைக்காரர் உள்ளூர்ப் பணமாகவே பெற்றுக்கொள்ளலாம். அடுத்த மாதமே அமெரிக்காவில் இந்த வகை நாணயங்களுக்குத் தனிச் சட்டமும் வந்தது. நாளைக்கு ஒரு பெரிய சந்தையே நாணயத்தை வாங்கிக்கொண்டு, நமக்கு ரூபாயாக, வங்கி வழியாக, ரசீதோடு கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாணயத்தின் தலைவலி அவர்களோடு போகட்டும். என் எதிர்ப்பெல்லாம் அந்தத் தலைவலியை மணிநகரில் படம் போடுகிற பெண்ணின் தலையில் இறக்குவதற்குத்தான்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி நம்ம யுபிஐ. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்-வோடு இணைத்தார்கள். குடும்பத்துக்குப் பணம் அனுப்ப நல்ல வசதி, ஆனால் அது தனிநபர் பணத்துக்கு, வியாபாரப் பணத்துக்கு அல்ல. அதைச் சின்ன ஏற்றுமதிக்காரர்களுக்கும், அமெரிக்கா, வளைகுடா வரைக்கும் நீட்டட்டும். ஆஸ்திரேலியா 2008-இல் கேட்ட கேள்வியை நம்ம போட்டி ஆணையமும் இந்தச் சந்தைகளைக் கேட்கட்டும்: திருட்டு வழியை அடைப்பது சரி, சட்டப்படியான இன்னொரு வழியையும் ஏன் அடைக்கிறாய்?

பெங்களூரு, புனே, தில்லிப் பக்கம் இருந்து வெளிநாட்டுக்கு விற்கிறவர்கள் இதைப் படித்தால், 100 ரூபாய் விலைக்கு எல்லாப் பிடித்தமும் போகக் கடைசியில் கைக்கு எவ்வளவு வருகிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்தத் தளம், எந்த வங்கி என்ற விவரம் வேண்டாம், எண் மட்டும் போதும். தபால் ஏற்றுமதிக்கான காகித வேலை பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், அது அடுத்த பதிவில்.