கண்ணுக்கு மறுபயிற்சி

கைத்தொழில் என்றதும் அறிவைத் தலைக்கும் உழைப்பைக் கைக்கும் பங்கிட்டுவிடுவது நம் வழக்கம். டிக் வெல்டிங் கற்பவரைச் சற்றே கவனித்தால் அந்தப் பங்கீடு நிலைக்காது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிலில் மக்னீசியத்தை இணைப்பதற்காக உருவான முறை இது. உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில் எழும். ஆர்கான் வாயு காற்றை விலக்கி நிற்கும்.

இரும்பில் பழகியவர் அது சிவப்பதைக் கண்டு சூட்டை அறிகிறார். அலுமினியம் அப்படிச் சிவந்து காட்டுவதில்லை. 660 டிகிரியில் சட்டென்று உருகிச் சரியும். அதன் மேல் படிந்த ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அதைக் கலைக்க மாறுதிசை மின்னோட்டம் வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு உட்புறமும் ஆர்கான் செலுத்தாவிட்டால் இணைப்பின் அடிப்பக்கம் பொருக்குத் தட்டும். டைட்டானியத்துக்கு மின்வில் அணைந்த பிறகும், சூடு தணியும்வரை வாயுவின் காவல் தேவை.

ஆக, ஓர் உலோகத்தில் பெற்ற தேர்ச்சியே அடுத்ததில் தடையாகலாம். இரும்புத் தகட்டில் மட்டும் பழக்கிச் சான்றிதழ் தந்தனுப்புவது பாதிக் கல்விதான். மீதிப் பாதிக்கான விலையை, வேலைக்குச் சென்ற இடத்தில் அந்த இளைஞரே கொடுக்கிறார். உழவும் நெசவும் நம் எழுத்தில் பெற்ற இடத்தை இந்த அறிவு இன்னும் பெறவில்லை. இதை வெறும் கைப்பழக்கம் என்று நாம் கருதும்வரை, முழுப் பயிற்சி வேண்டுமென்று கேட்கவும் நமக்குத் தோன்றாது.