அறியாத உரிமை இல்லாத உரிமை!

தோட்டத் தோழர்களே! கிராணிமார்களே!

"உரிமை, உரிமை என்று ஓதி ஆட்களைக் கெடுத்துவிட்டது சங்கம்" என்று நிர்வாகத்துக்குத் தாளம் போடும் சிலர் புலம்புகிறார்கள். மனித உரிமை வக்கீல்கள் பேச வேண்டிய விஷயமாம். பால் வெட்டுகிறவர்களுக்குக் கத்தியும் வாளியும் தெரிந்தால் போதுமாம்! இந்தப் பாட்டு புதிதல்ல. நம் பாட்டன் காலத்திலிருந்து பாடப்படுகிறது.

ஒப்பந்தக் கூலி நாட்களை எண்ணிப் பாருங்கள். கெடு முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம், பிடிபட்டால் சிறை. கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அறியாமைதான் முதலாளிக்கு மூலதனம்! இந்தியரை அப்படிச் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி ஆள் சேர்ப்புக்கு 1938இல் முடிவு வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் எழுந்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டங்களில் ஊட்டிய விழிப்பு அது. பதிலாக வந்தது பட்டாளமும் துப்பாக்கியும். உயிர்கள் பலியாயின.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1948 டிசம்பர் 10ஆம் நாள், பாரிஸ் நகரில் ஐக்கிய நாட்டுச் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரித்தவை 48 நாடுகள். எதிர்த்து ஒன்றும் இல்லை. எட்டு நாடுகள் ஒதுங்கி நின்றன. முதல் ஷரத்தில் "ஆண்கள் எல்லோரும்" என்று பொருள்படும்படி இருந்த சொல்லை "மனிதர் எல்லோரும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பெண்மணி ஹன்சா மேத்தா. அந்தச் சபையில் மலாயாவுக்கு அன்று நாற்காலி இல்லை. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டிஷ் சர்க்கார் இங்கே அவசரகாலத்தை அறிவித்து, விசாரணையின்றி ஆட்களைக் காவலில் அடைத்துக்கொண்டிருந்தது!

பிரகடனத்தின் 30 ஷரத்துகளில் நம் வாழ்க்கை இருக்கிறது. அடிமைத்தனம் கூடாது என்கிறது 4ஆவது. நியாயமான ஊதியமும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் 23ஆவது. சம்பளத்துடன் விடுமுறை 24ஆவது. கல்வி 26ஆவது. இவற்றைப் போதனையாலும் கல்வியாலும் பரப்ப வேண்டும் என்று அதன் முகவுரையே சொல்கிறது. ஆகவே உரிமையைக் கற்பிப்பது கலகம் அல்ல, கடமை!

கற்பிக்காவிட்டால் என்ன நடக்கும்? 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். இது தெரியாத சகோதரியிடம் "அறுபது நாள்தான்" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். இன்று ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பிறர் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நம் தாத்தா கைநாட்டு வைத்த இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களை அந்நியர் என்று ஒதுக்கினால், நாளை நம் கூலியும் அவர்கள் கூலியோடு சேர்ந்து கீழே இறங்கும்.

கிராணிமார்களே! செக்ரோலும் சட்டமும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. படித்தவன் வாய் மூடினால் படிக்காதவன் பை காலியாகும். நாமும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளிகளே என்பதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு கிளையும் மாதக் கூட்டத்தில் ஒரு ஷரத்தை வாசிக்கட்டும். தமிழிலும் மலாயிலும் விளக்கட்டும். முப்பது மாதத்தில் முழுப் பிரகடனமும் லயத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும்!

உரிமையை அறிவோம்! அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்வோம்!