வெறும் ஓட்டைதானே, தாத்தா!

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மேல் போர்ஷன் பையன் தன் காருக்கு வாங்கிய புது பானெட்டை இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தி, டிரில் மெஷினால் துளை போட்டுக்கொண்டிருந்தான். கறுப்பாய்ப் பளபளக்கும் கார்பன் ஃபைபர். உடம்பில் பனியன், மூக்கில் ஒன்றுமில்லை. கரித்தூள் காற்றில் பறக்கிறது. கொடியில் என் பேத்தியின் சட்டைகள்.

"என்னப்பா இது?" என்றேன்.

"வெறும் ஓட்டைதானே, தாத்தா! அஞ்சு நிமிஷ வேலை."

அந்த "வெறும்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கார்பன் ஃபைபர் தகரமும் அல்ல, மரமும் அல்ல. நம் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள இழைகளை எபாக்ஸிப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக இறுக்கிச் செய்வது. துளைத்தால் சுருள் சுருளாக வராது, பொடியாகப் பறக்கும். தோலில் குத்தினால் அரிக்கும். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். நுண்ணிய தூள் மூச்சோடு உள்ளே போகும். போதாக்குறைக்கு அது மின்சாரம் கடத்தும். சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்தால் அங்கேயும் வம்பு.

கிழவனுக்கு எல்லாவற்றிலும் பயம் என்று சிரிப்பீர்கள். 1980களில் சமையற்கட்டுச் சாய்ப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இந்தக் கையால்தான் ரம்பம் போட்டு அறுத்தேன். பக்கத்தில் குழந்தைகள் விளையாடினார்கள். எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கார்பன், ஆஸ்பெஸ்டாஸ் அல்ல. அப்படிச் சொல்லி யாரையும் மிரட்ட மாட்டேன். ஆனால் இன்று கைபேசியைத் தட்டினால் எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் முகக்கவசம் போடாததற்கு என்ன பெயர்?

வீட்டில் செய்யவே கூடாது என்றும் சொல்லவில்லை. முறையாகச் செய் என்கிறேன். துணியும் குழந்தைகளும் இல்லாத இடம் பார். என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போடு. துளைக்கும் இடத்தில் டேப் ஒட்டி, அடியில் மரப்பலகை கொடு. இல்லாவிட்டால் மறுபக்கம் அடுக்கு பிய்ந்துகொள்ளும். கார்பைடு பிட்டை அழுத்தாமல் ஓட்டு. தூளை வேக்குவத்தால் இழு, அல்லது ஈரத்துணியால் துடை, துடைப்பம் வேண்டாம். துளையின் ஓரத்தில் எபாக்ஸி பூசு. அலுமினிய ரிவெட் வேண்டாம்: கார்பனும் அலுமினியமும் ஒட்டியிருந்தால், நம் புதுச்சேரி உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். பானெட் திறந்துகொண்டால் எதிரே வருபவனுக்கும் ஆபத்து.

இத்தனையும் முடியாது என்றால், தூள் உறிஞ்சும் வசதியுள்ள பட்டறையில் கொடு. காசு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் விஞ்ஞான வாத்தியார், அமிலக் குப்பியைத் தொடுமுன் "அத்தான்ஸியோன்!" என்று மேசையைத் தட்டுவார். கவனம் என்று பொருள். அறுபது வருஷமாகியும் அந்தத் தட்டு என் காதில் இருக்கிறது.

பேத்தியின் சட்டைகளைத் தனியாக இரண்டு முறை அலசினோம். என் முழங்கை இரண்டு நாள் அரித்தது. மாடி அவன் வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். காற்றை அவன் வாடகைக்கு எடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.